கிசேஜே மக்களின் பாட்டு: வெளியிலிருந்து வந்தால் அது கலப்படமா?

கறார்கண்ணன் எழுதியது:

பிரேசிலில் ஷிங்கு ஆற்றுப் பக்கம் இருக்கும் பழங்குடி ஊர்களின் காணொளிகளைக் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் உடம்பெல்லாம் சிவப்பும் கறுப்புமாகச் சாயம் பூசிக்கொண்டு, காலில் கிலுகிலுப்பை கட்டி, ஊர் நடுத்திடலில் விடிய விடியப் பாடுகிறார்கள். அடுத்ததில் அதே ஊர்ப் பையன்கள் கால்பந்து ஜெர்சியோடு, கீபோர்டு வைத்து ஃபோஹோ ஆடுகிறார்கள். (வடகிழக்கு பிரேசிலின் அக்கார்டியன் ஆட்டப்பாட்டு அது. இப்போது நாடு முழுக்க அதுதான்.)

எனக்கு வயிறு எரிந்தது. ஆயிரம் வருஷத்துச் சொத்து ஒரே தலைமுறையில் போய்விட்டதா? இல்லை, காணொளியை மட்டும் பார்த்துவிட்டு நான்தான் குதிக்கிறேனா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குறிப்பாகச் சுயா மக்கள் பற்றி. இசை ஆய்வு என்றால் எங்கே தொட்டாலும் அவர்கள் பெயர்தான் வருகிறது.

மலர்விழி எழுதியது:

ஜெர்சி போட்டால் பாட்டு போய்விடுமா கண்ணன்? நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டா இதைத் தட்டச்சு செய்தீர்கள்? :)

சுயா பற்றி ஆற்றங்கரையான் சார் நிறைய படித்தவர். அவர் வரட்டும்.

ஆற்றங்கரையான் எழுதியது:

கூப்பிட்டதற்கு நன்றி மலர்விழி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். சுயா என்பது மற்றவர்கள் வைத்தது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது கிசேஜே. மாத்தோ குரோசோ மாநிலத்தில் சுயா மிசு என்ற ஆற்றை ஒட்டி வாழ்கிறவர்கள், ஜே மொழிக்குடும்பம். 1884இல் கார்ல் ஃபான் டென் ஸ்டைனென் என்ற ஜெர்மானியர் ஆற்றுவழியே வந்து இவர்களைப் பார்த்து எழுதிவைத்தார். அதற்கப்புறம் வெளியாட்களோடு சண்டைதான். 1959இல், பழங்குடிகளோடு பணியாற்றிய வில்லாஸ் போவாஸ் சகோதரர்கள் மூலம்தான் சமாதானம். 1961இல் ஷிங்கு பழங்குடிப் பூங்கா அமைந்தது, இவர்கள் அதற்குள் வந்தார்கள். 1971இல் ஆந்தனி சீகர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் மனைவி ஜூடித்தோடு அங்கே போய்த் தங்கினார். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரின் அண்ணன் மகன் இவர். அப்போது ஊரில் நூற்றுச் சொச்சம் பேர்தான். அவர் எழுதியவற்றால்தான் இசை படிக்கிறவர்கள் எல்லோருக்கும் சுயா என்ற பெயர் தெரியும்.

இப்போது கண்ணன் கேட்டதற்கு வருகிறேன். 'ஆயிரம் வருஷத்துச் சொத்து' என்று எழுதினீர்கள். நம் மனசில் இருக்கும் படம் அது. ஒரு பெட்டி, அதற்குள் பாட்டுகள், வெளிக்காற்று பட்டால் கெட்டுவிடும். கிசேஜேக்காரர்கள் சொல்லும் கணக்கே வேறு. அவர்கள் கதைப்படி உருப்படியான எதுவும் அவர்களுக்கு உள்ளே விளைந்ததில்லை. நெருப்பு ஜாகுவார் புலியிடமிருந்து வந்தது. மக்காச்சோளம் எலி காட்டிக்கொடுத்தது. ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் எலி வந்து, இதை எடுத்துச் சாப்பிடு என்றதாம். அதுவரை உளுத்த மரத்தைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள் என்பது கதை. மனிதர்களுக்கு வைக்கும் பெயர்கள் பூமிக்கடியில் வாழ்ந்த வேற்றாரிடம் கற்றவை.

பாட்டும் அப்படியே. சூனியக்காரன் ஒருவரின் உயிரைக் கவர்ந்துகொண்டுபோய் விலங்குகளிடமோ மரங்களிடமோ தேனீக்களிடமோ விட்டுவிடுவான். உடம்பு ஊரில் நடமாடும், உயிர் அங்கே இருக்கும். அங்கே அவை பாடுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு இங்கே ஊருக்குச் சொல்லித்தருவார் அந்த ஆள். புதுப்பாட்டு வரும் முக்கிய வழி இதுதான். இன்னொரு வழி, அந்நியர்கள். பகையாளியிடம் பிடித்துவந்த கைதிகள், அக்கம்பக்கத்து இனங்கள், கடைசியில் சீகரும். அவர் பான்ஜோ வாசித்துப் பாடுவார், ஊரே உட்கார்ந்து கேட்கும், இன்னும் பாடு என்று விடமாட்டார்கள்.

ஆக, வெளியிலிருந்து பாட்டு கொண்டுவருவது கிசேஜே மக்களுக்குப் பழைய வழக்கம். ஆற்றின் மேற்பகுதியில் வாழும் மேல் ஷிங்கு இனங்களின் பெண்களை ஒருகாலத்தில் சிறைபிடித்து வந்தார்கள். அவர்களோடு மண்பாண்டம், மரவள்ளி பக்குவம், ஊஞ்சல் படுக்கை எல்லாம் வந்தன, பெண்களின் யமுரிகுமா சடங்குப் பாட்டுகளும் வந்தன. சீகர் போனபோது கிசேஜேப் பெண்கள் அந்த வேற்றுமொழிப் பாட்டுகளைத்தான் தங்கள் சடங்காகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அதைக் கலப்படம் என்று நினைத்ததாகத் தெரியவில்லை.

ஃபோஹோவை எந்தக் கணக்கில் வைப்பது? அதைப் பிறகு பேசலாம்.

சுருதிப்பெட்டி எழுதியது:

நல்ல பதிவு சார். ஆனால் கதையாகவே போகிறது. பாட்டு எப்படி இருக்கும்? குழுவாகவா, தனியாகவா? தாளம் என்ன? கொஞ்சம் காதுக்கு விளங்குகிற மாதிரி சொல்லுங்கள்.

ஆற்றங்கரையான் எழுதியது:

சுருதிப்பெட்டிக்குத்தான் இந்தப் பதிவு.

இரண்டு பெரிய வகை. ஒன்று அகியா. இன்னொன்று ஙேரே.

ஙேரே எல்லோரும் சேர்ந்து ஒரே குரலாக, கீழ்ஸ்தாயியில் பாடுவது. குரல்கள் ஒன்றோடொன்று கரையவேண்டும், தனியாக எவன் குரலும் தூக்கித் தெரியக்கூடாது.

அகியா இதற்கு நேர்மாறு. ஆண்கள் பாடுவது, ஒவ்வொருவனுக்கும் தனிப்பாட்டு. தொண்டையை இறுக்கி, எட்டும் உச்சத்தில் கத்துகிற மாதிரி பாடவேண்டும். விசேஷம் என்னவென்றால், இருபது ஆண்கள் திடலில் இருந்தால் இருபது பேரும் இருபது வேறு அகியாவை ஒரே நேரத்தில் பாடுவார்கள். முதல்முறை கேட்டால் சந்தை இரைச்சல் மாதிரிதான் இருக்கும்.

ஏன் அப்படி? கிசேஜே ஊரில் வீடுகள் வட்டமாக நிற்கும், நடுவில் திடல். கல்யாணம் ஆனால் ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அம்மாவும் அக்கா தங்கைகளும் வட்டத்தின் வேறொரு பக்கத்து வீட்டில். அங்கே சும்மா சும்மா போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியாது. அகியா அந்த வீட்டுக்குத்தான் போகிறது. இத்தனை கூச்சலுக்கு நடுவில் 'அதோ என் தம்பி பாடுகிறான்' என்று அக்காவுக்குப் பிரித்துத் தெரியவேண்டும். அதனால்தான் உச்சஸ்தாயி, அதனால்தான் ஆளுக்கொரு பாட்டு. வயசாக ஆக ஆண்கள் இந்த உச்சத்தை விட்டு இறங்கிவிடுவார்கள். கிழவர்களுக்கு வேறு வேலை, கோமாளித்தனம் பண்ணி ஊரைச் சிரிக்கவைப்பது.

இரண்டு வகைப் பாட்டுக்கும் அமைப்பு ஒன்றுதான். பாட்டு இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் முதலில் பொருளில்லாத அசைகள் மட்டும் வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல் நுழையும், அந்தப் பாதிக்குரிய விலங்கின் பெயர் வரும், அப்புறம் திரும்ப அசைகள். இரண்டாம் பாதியில் வேறு விலங்கு. தாளத்துக்குக் கிலுகிலுப்பையும் கால் மிதியும்.

எலிச் சடங்கு என்று ஒன்று மழைக்காலத்தில் நடக்கும். தாய்மாமன் பெயரை மருமகன் வாங்கிக்கொள்ளும் சடங்கு அது. இரண்டு வாரம் போல பாட்டு நடக்கும், கடைசி ராத்திரி ஆண்கள் புரிதிப் பனையோலைப் போர்வை போர்த்திக்கொண்டு விடிய விடியப் பாடியாடி எலியாகவே மாறுவார்கள்.

சுருதிப்பெட்டி எழுதியது:

அருமை! அக்காவுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக ஸ்தாயி என்பது நான் கேள்விப்படாத ஒன்று. நாம் ஸ்தாயியை ராகத்தோடும் குரல்வளத்தோடும்தான் யோசிப்போம். இங்கே குடும்ப அமைப்பே சுருதியைத் தீர்மானிக்கிறது.

வேறொரு விஷயம் எங்கோ படித்தேன். அவர்கள் சேர்ந்து பாடும்போது சுருதி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே போகுமாமே? நம் பார்வையில் அது 'சுருதி விலகல்', மேடையில் நடந்தால் மானம் போய்விடும்.

ஆற்றங்கரையான் எழுதியது:

ஆமாம், சீகரை ரொம்பப் படுத்திய விஷயம் அது. 1972 பதிவுகளை ஆராய்ந்தபோது ஒரே பாட்டுக்குள் சுருதி சீராக ஏறுவதைப் பார்த்தார். டேப் ரெக்கார்டரின் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தால் பிறகு போட்டுக் கேட்கும்போது இப்படி ஏறித் தெரியும், அதனால் முதல் சந்தேகம் கருவி மேல். பார்த்தால் கருவியில் கோளாறு இல்லை. பாடுகிறவர்கள்தான் ஏற்றுகிறார்கள், அதுவும் ஏனோதானோ என்று இல்லை. ஒரு பாட்டுக்குள் அப்படி வலு கூட்டிக்கொண்டே போவதும் அவர்களுக்குப் பாடும் முறையில் சேர்த்திதான் என்றால், அதைப் போய் 'விலகல்' என்று நாம் எதை வைத்துச் சொல்வது?

கறார்கண்ணன் எழுதியது:

சரி, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆற்றங்கரையான் ரொம்ப சுலபமாகத் தப்பிக்கிறார் என்று தோன்றுகிறது.

'வெளியிலிருந்து வாங்குவது அவர்கள் மரபு' என்று சொல்லிவிட்டால் எதற்கும் கவலைப்பட வேண்டாம், இல்லையா? தேனீயிடம் வாங்கிய பாட்டும் ஒலிபெருக்கியில் ஓடும் ஃபோஹோவும் ஒன்றா? தேனீப் பாட்டைக் கற்க ஒருவன் படாத பாடு படவேண்டும், மற்றவர்கள் வருஷக்கணக்கில் பாடிப் பாடிப் பழகவேண்டும். ஃபோஹோவுக்கு ஃபோன் போதும். அந்தக் கைதிப் பெண்கள் விஷயம் வேறு. பாட்டு தெரிந்த ஆளே ஊருக்குள் வந்து, அங்கேயே குடும்பமாகி, மகளுக்குச் சொல்லித்தந்தாள். ஃபோன் யாருக்கு அம்மா?

பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் ஓரளவாவது சமமாக இருக்கவேண்டும். நூறு பேர் ஒருபக்கம், இருபது கோடி பேர் மறுபக்கம் என்றால் அதற்குப் பெயர் பரிமாற்றம் இல்லை, விழுங்குதல்.

நாடோடி எழுதியது:

நான் கண்ணன் பக்கம்தான். ஒரு உதாரணம் போதும். ரியோ நெக்ரோ பகுதி, துகானோ மக்கள். அங்கே 1910களில் சலேசிய சபைக் கத்தோலிக்கப் பாதிரிமார் வந்து மிஷன் போட்டார்கள். ஊரே சேர்ந்து வாழ்ந்த பெரிய கூட்டுவீடுகளை இடிக்கவைத்தார்கள். ஆட்டத்துக்கான இறகு அணிகலன்களையும் புனிதக் கருவிகளையும் பிசாசின் சாமான் என்று பறித்தார்கள். பறித்ததில் ஒரு பகுதியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மனாவுஸில் அருங்காட்சியகம் என்று காட்டினார்கள். பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் போட்டுத் தாய்மொழி பேசினால் தண்டனை. கூட்டுவீடு போனால் பாட்டு எங்கே நடக்கும்? வீடுதான் அரங்கம்.

அங்கே போய் 'மாற்றம் அவர்கள் இயல்பு' என்று சொல்ல முடியுமா?

ஆற்றங்கரையான் எழுதியது:

நாடோடி சொன்னது முழுக்க உண்மை. அதற்கு நான் மறுப்பு சொல்லவில்லை, என் கட்சிக்கு அதுவே சாட்சி என்பேன். ரியோ நெக்ரோவில் பாட்டைக் கொன்றது வெளிப்பாட்டு இல்லை. வீட்டை இடித்தார்கள், அணிகலனைப் பறித்தார்கள், பிள்ளையைப் பிரித்தார்கள். 'புதுசு வந்தது' என்பதையும் 'பழசைப் பிடுங்கினார்கள்' என்பதையும் ஒரே தட்டில் போடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

கிசேஜே கதையிலேயே இன்னொன்று பாருங்கள். பருவம் வந்ததும் ஆண் பெண் இருவருக்கும் காதில் துளை போட்டுப் பெரிய மரவட்டுகள் செருகுவார்கள். ஆண்களுக்குப் பிற்பாடு கீழுதட்டிலும் வட்டு. ஒருவன் நன்றாகக் கேட்டு நடக்கிறவன், நன்றாகப் பேசிப் பாடுகிறவன் என்பதற்கு அதுதான் அடையாளம். கண்ணுக்கு அப்படி எந்த அலங்காரமும் கிடையாது. கூர்மையான பார்வை சூனியக்காரனின் குணம். 1959 சமாதானத்துக்குப் பிறகு வளர்ந்த பையன்கள் உதட்டில் துளை போடவில்லை, மற்ற இனத்தார் அப்படிச் செய்யாததைப் பார்த்து விட்டுவிட்டார்கள். ஒரே தலைமுறையில் உதட்டு வட்டு போயிற்று. நம்மில் யாராவது அன்று அங்கே இருந்திருந்தால், முடிந்தது கதை, இனி பாட்டும் போகும் என்று எழுதியிருப்போம். போகவில்லை. எந்த வட்டு போட்டவன் நன்றாகப் பாடுவான் என்று சொல்லப்பட்டதோ அந்த வட்டு போன பிறகும் அதே அகியாவை அதே உச்சத்தில் பாடினார்கள்.

கண்ணனின் 'ஃபோன் யாருக்கு அம்மா' நல்ல கேள்வி. அதை ஒத்துக்கொள்கிறேன். பாட்டோடு ஆளும் வந்தால் ஒரு மாதிரி, ஆள் இல்லாமல் பாட்டு மட்டும் வந்தால் வேறு மாதிரி.

மலர்விழி எழுதியது:

பெண்கள் பக்கம் யாரும் போகவே இல்லை. மேல் ஷிங்குவில் சில புல்லாங்குழல்களைப் பெண்கள் பார்க்கவே கூடாதாமே? பார்த்தால் கூட்டு வன்புணர்வு தண்டனை என்று படித்தேன். இதையும் 'மரபு, காப்பாற்றவேண்டும்' என்ற பட்டியலில் சேர்ப்பீர்களா? கண்ணனுக்கும் இந்தக் கேள்வி.

கறார்கண்ணன் எழுதியது:

சேர்க்கமாட்டேன். அதை யார் காப்பாற்றச் சொன்னது.

ஆற்றங்கரையான் எழுதியது:

மலர்விழி கேட்டது குய்குரோ, கமயுரா, வவுஜா போன்ற மேல் ஷிங்கு இனங்களைப் பற்றி. கிசேஜே அவர்களுக்கு அண்டை வீட்டார். அந்த மிரட்டல் உண்மையில் உண்டு, பூசி மெழுக வேண்டியதில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பெண்கள் பார்க்கத்தான் கூடாது, கேட்கலாம். குழல் ஊதும்போது வீட்டுக்குள் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்கிறார்கள். குய்குரோப் பெண்களுக்குத் தோலோ என்று ஒரு பாட்டு வகை இருக்கிறது. குழலில் ஆண்கள் ஊதும் அதே மெட்டுகள், அவற்றுக்குப் பெண்கள் சொல் போட்டிருக்கிறார்கள். காதல், பொறாமை, கள்ள உறவு, விட்டுவிட்டுப் போனவன் மேல் கோபம் எல்லாம் வரும். அங்கே ஆண்களைக் கேலி பண்ணும் பாட்டுகளுக்கும் பஞ்சமில்லை. நான் முதலில் சொன்ன யமுரிகுமா சடங்கில் பெண்கள் ஆண்களின் அணிகலனைப் போட்டுக்கொண்டு திடலை எடுத்துக்கொள்வார்கள், அன்று எவன் குறுக்கே வந்தாலும் அடி விழும்.

குய்குரோ பற்றி 2011இல் ஒரு ஆவணப்படம் வந்தது, அதை எடுத்தவர்களில் ஒருவர் தகுமா குய்குரோ, அந்த ஊர்க்காரரே. இந்தச் சடங்கைத்தான் படமாக்கினார்கள். வயசான மனைவி சாவதற்குள் ஒருமுறை பாடவேண்டும் என்று ஒரு முதியவர் ஏற்பாடு செய்கிறார். பாட்டு முழுவதும் தெரிந்த ஒரே பெண்ணுக்கோ உடம்பு சரியில்லை. கண்ணன் பயப்படுவது வீண் பயம் இல்லை என்று அதைப் பார்த்தால் தெரியும். முழு வரிசையும் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

பழைய ரேடியோ எழுதியது:

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். என் பங்குக்குக் கொஞ்சம் பழங்கதை.

அமேசான் பழங்குடிப் பாட்டை ஒலிப்பதிவு செய்வது மெழுகு உருளைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1911இல் கோக் க்ரூன்பெர்க் என்ற ஜெர்மானியர் வடக்கே ரொரைமா பக்கம் தவுரெபாங், மகுஷி மக்களின் பாட்டைப் பிடித்தார், அந்த உருளைகள் பெர்லினில் இருக்கின்றன. 1912இல் ரோகெட்டே பின்டோ என்ற பிரேசில்காரர் பரேசி, நம்பிக்வாரா மக்களிடம் போனார். பதினொரு வருஷம் கழித்து 1923இல் பிரேசிலின் முதல் வானொலி நிலையத்தைத் தொடங்கியவரும் இவரே. இசையமைப்பாளர் வில்லா லோபோஸ் அந்த உருளைகளில் இருந்த பரேசி மெட்டை எடுத்துத் தன் படைப்பில் போட்டார். உலகமெல்லாம் கைதட்டியது. பரேசி மக்களுக்கு அப்போது இது தெரிந்திருக்குமா?

அப்புறம் செபுல்துரா என்ற பிரேசில் மெட்டல் குழு ஷவாந்தே கிராமத்துக்கே போய் அவர்களோடு சேர்ந்து பாடிப் பதிவு செய்து 1996இல் வந்த ஆல்பத்தில் போட்டது. ஷவாந்தே ஆட்களும் ஜே மொழிக்காரர்கள்தான். கண்ணன் ஃபோஹோ ஊருக்குள் போவதைப் பற்றியே பேசுகிறார். ஊரிலிருந்து வெளியே போன பாட்டுக்கு யார் பொறுப்பு?

ஆற்றங்கரையான் எழுதியது:

ரேடியோ சார், சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

சீகர் பிற்பாடு ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்ற ஒலிப்பதிவு நிறுவனத்தை 1988 முதல் 2000 வரை நடத்தியவர். உரிமப் படிவங்களோடு தினமும் மல்லுக்கட்டியவர். கிசேஜே பாட்டை அந்தப் படிவத்தில் எழுத முடியாது என்பதை அவரே எடுத்துக்காட்டினார். இசையமைத்தவர் யார்? ஜாகுவார். கற்றுக்கொண்டு வந்தவர்? எப்போதோ இறந்துபோனவர். இப்போது யார் வசம்? ஊரில் ஒரு பாதிக்கு மட்டும் பாட உரிமை, மறுபாதி கேட்கலாம், பாடக்கூடாது. பாடியவர், பதிவு செய்தவர், அதைத் துண்டு போட்டு நடனப்பாட்டில் சேர்ப்பவர் என்று வரிசை நீளும். பதிப்புரிமைச் சட்டம் ஒரு மனிதர், ஒரு தேதி என்று கேட்கிறது. 1982இல் பிரேசிலில் சுயா பாட்டுகள் இசைத்தட்டாக வந்தபோது உரிமைத்தொகை ஊருக்கே போகும்படி செய்தார். அது சட்டம் சொன்னதால் இல்லை, அவர் அப்படி முடிவெடுத்ததால்.

பிரேசிலின் 1998 பதிப்புரிமைச் சட்டம் 45ஆம் பிரிவில் ஆசிரியர் பெயர் தெரியாத படைப்பு பொதுச்சொத்து என்கிறது. அதே மூச்சில் இனக்குழுக்களின் மரபு அறிவுக்கான சட்டப் பாதுகாப்பு இதற்கு விலக்கு என்றும் சொல்கிறது. ஜாகுவாருக்கு அந்த விலக்கில் இடம் உண்டா என்று வக்கீல்கள்தான் சொல்லவேண்டும்.

நெறியாளர்:

தனிமடலில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டது என் காதுக்கு வந்தது. இழை நன்றாகப் போகிறது, அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

நாடோடி எழுதியது:

சரி சார், ஒரே கேள்வி. வெளிப்பாட்டு குற்றவாளி இல்லை என்றால் வேறு யார்? மிஷன் கதை பழசு. இன்று யார்?

ஆற்றங்கரையான் எழுதியது:

இன்று? அணைக்கட்டும் சோயாவும்.

முதலில் அணைக்கட்டு. எனவேனே நவே என்ற இனம், ஜுருவெனா ஆற்றுப் பகுதி, அதே மாத்தோ குரோசோ. அவர்கள் யவோக்வா என்று ஒரு சடங்கு நடத்துவார்கள், ஏழு மாசம் நீளும். ஆண்கள் ஆற்றில் மரத்தால் தடுப்புக் கட்டி மீன் பிடித்து, புகைபோட்டு ஊருக்குக் கொண்டுவரவேண்டும். அந்த மீனை ஆவிகளுக்குப் படைத்துத்தான் பாட்டும் குழலும். அவர்கள் செங்கறி தின்னாதவர்கள், சாப்பாடும் மீன்தான், படையலும் மீன்தான். ஆற்றில் வரிசையாக மின் அணைகள் வந்தன. 2009இல் மீனே வரவில்லை. கடைசியில் அரசாங்கம் பண்ணை மீனை வாங்கிக் கொடுத்து அந்த வருஷத்துச் சடங்கை ஒப்பேற்றியது. 2011இல் யுனெஸ்கோ யவோக்வாவை அவசரமாகக் காக்கவேண்டிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே பையன்களுக்குப் பாட்டு மறக்கவில்லை. பாடுவதற்கு மீன் இல்லை.

அடுத்து சோயா. கிசேஜேயின் பழைய நிலம் ஷிங்கு பூங்கா எல்லைக்கு வெளியே விட்டுப்போயிருந்தது. பண்ணைக்காரர்கள் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினார்கள். இவர்கள் சும்மா இருக்கவில்லை, போராடி 1998இல் வவி என்ற பெயரில் சுமார் 1.5 லட்சம் ஹெக்டேரை மீட்டார்கள். மீட்ட இடத்தில் புது ஊர் போட்டார்கள். ஆனால் எல்லைக்கு அந்தப்பக்கம் மேய்ச்சல் நிலம் சோயா வயலாகிவிட்டது, பூச்சிமருந்து காற்றிலும் தண்ணீரிலும் வந்தது. மருந்துக்குப் பயந்து அந்த ஊரையே விட்டு இன்னும் உள்ளே தள்ளிப்போய் மறுபடி ஊர் கட்டினார்கள். வீடு வட்டமாக நிற்கவேண்டும், நடுவில் திடல் வேண்டும், அக்கா வீட்டுக்குக் கேட்கிற தூரத்தில் தம்பி நிற்கவேண்டும் என்று முன்னே சொன்னேன். ஊரை இடம் மாற்றினால் இதெல்லாம் புதிதாகப் போடவேண்டும். போட்டார்கள்.

பண்ணைக்காரன் நாசமாக்கிவிட்டுப் போன மேய்ச்சல் நிலத்தில் பெக்கி மரம் நட்டார்கள். மஞ்சள் சதையுள்ள பழம், அதில் எண்ணெய் எடுத்து விற்கிறார்கள். 2019இல் ஐநாவின் ஈக்குவேட்டர் பரிசு அவர்கள் சங்கத்துக்குக் கிடைத்தது.

கறார்கண்ணன் எழுதியது:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். :)

நிலமும் ஆறும்தான் அடிப்படை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் என் முள் அப்படியே இருக்கிறது. ஆறு நன்றாக இருந்து, நிலமும் கையில் இருந்து, பையன் மட்டும் ராத்திரி முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தால்? அகியா கற்க எத்தனை ராத்திரி உட்காரவேண்டும்? செயற்கைக்கோள் இணையம் இப்போது அங்கேயும் போய்விட்டது.

மலர்விழி எழுதியது:

கண்ணன், அந்த ஃபோனில்தான் அவர்கள் பதிவும் செய்கிறார்கள். குய்குரோவில் தலைவர் அஃபுகாகாவே ஆராய்ச்சியாளர்களிடம், பாட்டெல்லாம் போய்விடும் போலிருக்கிறது, பதிந்து வையுங்கள் என்று கேட்டாராம். கேமராப் பயிற்சி எடுத்த பையன்கள் முதியவர்கள் பின்னாலேயே திரிந்தார்கள். தகுமா அப்படி வந்தவர்தான். கிசேஜேயிலும் கமிகியா என்று ஒரு படக்காரர் இருக்கிறார், சடங்கையும் எடுக்கிறார், பிரசிலியாவில் நடக்கும் போராட்டத்தையும் எடுக்கிறார்.

2017இல் மனாவுஸின் பெரிய ஓபரா அரங்கில் ஜுவேனா திகுனா தன் திகுனா மொழியிலேயே பாடி நிகழ்ச்சி நடத்தினார். ரப்பர் பணத்தில் கட்டி 1896இல் திறந்த அரங்கம் அது. ரப்பருக்காகச் செத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆற்றங்கரையான் எழுதியது:

கண்ணனின் முள்ளை நான் பிடுங்கப்போவதில்லை. அது குத்தவேண்டிய இடத்தில்தான் குத்துகிறது. பதிவு செய்துவைத்தால் போதும் என்று நானும் நம்பவில்லை. அகியாவைப் பதிவில் கேட்டுப் பழகலாம், ஆனால் ஒவ்வொரு சடங்குக்கும் ஆளுக்கொரு புது அகியா வேண்டும். புதுப்பாட்டு கொண்டுவருகிற ஆள் இருக்கவேண்டும். அந்த ஆள் இல்லாமல் பழைய பதிவை மட்டும் திரும்பத் திரும்பப் பாடினால் அதுதான் என் கணக்கில் மரபு நின்றுபோவது. ஃபோஹோ இரவுகளை விட அது எனக்குப் பெரிய கவலை.

இன்னொரு பக்கம், பதிவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். 2018 செப்டம்பர் 2ஆம் தேதி ரியோவில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பழங்குடி மொழி ஒலிநாடாக்களும் சாம்பலாயின. பேசியவர்களும் பாடியவர்களும் இன்று இல்லாத மொழிகள் அவற்றில் இருந்தன. 2020இல் கொரோனாவில், மேல் ஷிங்குவின் யவலபிதி இனத் தலைவர் அரிதானா போனார். முதியவர்கள்தான் அதிகம் போனார்கள். இறந்தவர்களுக்காக அங்கே நடத்தும் குவாரூப் சடங்கே அந்த வருஷம் நிறுத்திவைக்கப்பட்டது.

சுருதிப்பெட்டி எழுதியது:

எனக்கு இப்போது கேட்டே ஆகவேண்டும் என்று இருக்கிறது. எங்கே கிடைக்கும்? எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஆற்றங்கரையான் எழுதியது:

சீகர் பதிவுகள் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் மரபிசை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1987இல் வந்த அவருடைய 'Why Suyá Sing' புத்தகத்தோடு ஒலிநாடா கொடுத்தார்கள், 2004 மறுபதிப்பில் குறுந்தகடு. பெரிய நூலகங்களில் கேட்டுப்பாருங்கள்.

முதலில் ஙேரே கேளுங்கள், காதுக்குச் சுலபம். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கிலுகிலுப்பையை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், அசை எங்கே முடிந்து சொல் எங்கே நுழைகிறது என்று தெரியும். சுருதி ஏறுவதைப் பார்க்க, பாட்டின் ஆரம்பத்தையும் கடைசியையும் அடுத்தடுத்துப் போட்டு உங்கள் பெட்டியோடு ஒத்துப்பாருங்கள். அகியாவை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் எல்லாக் குரலையும் கேட்க முயலாமல் ஏதாவது ஒருவன் குரலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடாமல் போங்கள். அடுத்த தடவை வேறொருவன்.

சுருதிப்பெட்டி எழுதியது:

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் 2004 பதிப்பு இருப்பதாகக் காட்டுகிறது. குறுந்தகடு உறையில் இருக்கிறதா என்று திங்கட்கிழமை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கண்ணன், வேண்டுமானால் உங்களுக்கும் ஒரு நாள் இரவல் எடுத்துத் தருகிறேன்.

கறார்கண்ணன் எழுதியது:

எடுங்கள். ஆனால் ஃபோஹோ பற்றி ஆற்றங்கரையான் 'பிறகு பேசலாம்' என்றார், இன்னும் பேசவில்லை. குறித்துவைத்திருக்கிறேன்.